உரக்கப் படிக்க எழுதியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

தருமபுரிப் பக்கத்துப் பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில், விளக்கு வைத்த பிறகு, அட்டை கிழிந்த தடித்த புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் பாட்டி உரக்கப் படிப்பார். அண்டை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் புளி கொட்டை எடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் புத்தகம் ‘மேனகா’. அதை எழுதியவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். மர்மக் கதை, துப்பறியும் கதை என்று படித்தவர்கள் சற்று ஏளனத்தோடு ஒதுக்கிவைக்கும் எழுத்துக்குத் தமிழில் கால்கோள் இட்டவர்களுள் அவரும் ஒருவர்.

மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரில் 1880ஆம் ஆண்டு பிறந்த ஐயங்கார், பட்டப்படிப்பு முடித்துத் தாசில்தாராகப் பணியாற்றியவர். பின்னர் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் நாவல் எழுதத் தொடங்கினார். தாசில்தார் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கதை எழுதப் போகிறேன் என்று இன்று ஒருவர் சொன்னால்கூட அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ‘மனோரஞ்சனி’ என்னும் இதழைத் தாமே நடத்தி, ‘சௌந்தர கோகிலம்’, ‘மதன கல்யாணி’, ‘மாயாவிநோதப் பரதேசி’ என்று அடுத்தடுத்து எழுதினார். ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் அதே களத்தில் இருந்தார்கள். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் கதைகளைத் தழுவி எழுதுவது அந்நாளில் வழக்கமாக இருந்தது. ஐயங்காரும் அதற்கு விலக்கல்லர். ஆனால் கடன் வாங்கிய கதையானாலும், அதற்குள் நடமாடும் மாமியாரும் நாத்தனாரும் வக்கீலும் குமாஸ்தாவும் தஞ்சாவூர்ச் சீமையின் அசல் மனிதர்கள்.

அவருடைய வாக்கியங்கள் நீளமானவை என்பதும், ஒரு பெண் கலங்கினாள் என்று சொல்வதற்கு அவர் அரைப் பக்கம் எடுத்துக்கொள்வார் என்பதும் பலரும் சொல்லும் குறை. கண்ணால் படிக்கும்போது எனக்கும் அலுப்புத் தட்டியதுண்டு. ஆயினும் பாட்டியின் வாயால் கேட்டபோது அந்த அலுப்பு ஒரு நாளும் வந்ததில்லை. வீட்டுக்கு ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்ட காலத்தில் எழுதியவர் அவர். கேட்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது. ஆகவே ஒன்றையே இரண்டு மூன்று விதமாகச் சொல்லவும், ‘ஐயோ’ என்றும் ‘ஆகா’ என்றும் இடையிடையே குரலை உயர்த்தவும் அந்த நடை இடங்கொடுக்கிறது. கதாகாலட்சேபம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு அது அந்நியமாக இருக்கவில்லை.

‘மேனகா’வின் கதையையே எடுத்துக்கொள்வோம். வக்கீலான வராகசாமிக்கு வாழ்க்கைப்பட்ட மேனகாவை, அவளுடைய நாத்தனார்கள் வஞ்சகமாக ஒரு மரக்காயரின் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவளைக் காப்பாற்றுகிறவள் அந்த மரக்காயரின் மனைவியே ஆன நூர்ஜஹான். வேற்று மதத்தவனை வில்லனாக்கும் எளிய வழியில் போன கதாசிரியர், அதே வீட்டிலிருந்து கதையின் மிக நேர்மையான மனுஷியையும் எடுத்து நிறுத்தியிருக்கிறார். கதாநாயகியைவிட நூர்ஜஹானே மனத்தில் நிற்கிறாள் என்பது என் எண்ணம். டி. கே. எஸ். சகோதரர்கள் இதை நாடகமாக மேடையேற்றினார்கள்; 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்ததும் அந்தப் படத்தின் வழியாகத்தான்.

ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரை நம் பக்கத்து மக்கள் நன்கு அறிவார்கள். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. அந்தச் சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950இல் ‘திகம்பர சாமியார்’ படத்தை எடுத்தது, எம். என். நம்பியார் அதில் பல வேடங்களில் வந்து போனார். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்ததாகப் பாட்டி சொல்வார். ஐயங்கார் அதைப் பார்க்கவில்லை. அவர் 1942லேயே காலமாகிவிட்டார்.

பிற்காலத்தில் அவருக்கு வேறொரு பித்துப் பிடித்தது. பண்டைய எகிப்தியர் தென்னாட்டிலிருந்து சென்ற வைணவர்களே என்று நிறுவுவதற்காக ஆங்கிலத்தில் ஒரு பெரும் நூலையே எழுதி வெளியிட்டார். அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. நாவலில் திருப்பத்துக்கு மேல் திருப்பம் வைத்துப் பழகிய கற்பனை, சரித்திரத்துக்குள்ளும் அப்படியே புகுந்துவிட்டது போலும்.

எங்கள் வீட்டில் இருந்தது ‘மேனகா’வின் முதல் பாகம் மட்டுமே. இரண்டாம் பாகம் எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் கதை நிற்கவில்லை. புத்தகம் முடிந்த இடத்திலிருந்து பாட்டியே சொல்லிக்கொண்டு போவார். பல ஆண்டுகளுக்குப் பிறகு மறுபதிப்பு என் கைக்குக் கிடைத்தபோது, அவர் சொன்ன நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் அதில் இல்லை என்று கண்டேன். கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில் பிறந்தவளைப் போல, ‘ஏங்கண்ணு, பயப்படாதே’ என்று பேசிய அந்த நூர்ஜஹானும் அதில் இல்லை.

வணக்கம்.