காயாத மை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஏமாற்றும் மாணவனிடம் ஆசிரியரின் நேர்மை விளங்குவது தண்டனையிலா, நியாயத்திலா என்ற தலைப்பில், நியாயத்திலே என்று பேச வந்திருக்கிறேன்.

அந்தணன் என்று பொய் சொல்லி வித்தை கற்ற கர்ணனைப் பரசுராமர் சபித்தாரே, இந்த அணியினராக இருந்தால் கூடவே இரண்டு அம்பையும் கட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று சொல்லி, எதிரணி நண்பர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நானும் தட்டினேன். ஆனால் அந்தப் பொய் வெளிப்பட்ட விதத்தை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். மடியில் தலைவைத்துத் துயின்ற குருவின் உறக்கம் கலையக் கூடாதே என்று, வண்டு தொடையைத் துளைத்தும் அசையாதிருந்தான் கர்ணன். அவ்வளவு வலியைப் பொறுத்ததால்தான் அகப்பட்டான். பொய் தெரிந்ததும் அந்த இரத்தம் குருவின் கணக்கிலிருந்து விடுபட்டுப் போயிற்று. (என் வகுப்பில் உறங்குபவர்கள் மாணவர்கள், மடி கொடுக்க வேண்டியவன் நான்.)

நானும் அப்படித்தான் விடப் பார்த்தேன். நான் கணக்கு ஆசிரியன். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் 34 மதிப்பெண் பெற்ற ஒருவன், திருத்திய விடைத்தாளுடன் வந்து, "ஐயா, இந்த இரண்டு மதிப்பெண் வினாவைத் திருத்தாமல் விட்டுவிட்டீர்கள்" என்றான். தேர்ச்சிக்கு வேண்டியது 35. முகத்தில் அப்படி ஒரு பணிவு. விடையைத் தொட்டேன்; மை என் கட்டைவிரலில் ஒட்டியது. நடுவர் அவர்களே, மீண்டும் சொல்கிறேன்: தேர்வு எழுதியது டிசம்பரில், நான் தொட்டது ஜனவரியில், மை இன்னும் காயவில்லை! மார்கழிப் பனி போலும்.

குற்றச்சாட்டு திடமாக இருக்கட்டும் என்று தாள் முழுவதையும் கூட்டினேன். அவன் செருகிய விடையைச் சேர்க்காமலே 37 வந்தது. மறுபடி கூட்டினேன், 37. மூன்று மதிப்பெண்ணை விழுங்கியவன், கணக்கு ஆசிரியனாகிய நான். அது அவனுக்குத் தெரியாது. தாளை மடித்து வைத்திருந்தால் கேட்க ஆளில்லை. ஏமாற்றுக்காரனுக்கு என்ன மறுகூட்டல் என்று மனம் சமாதானமும் சொன்னது. பொதுத்தேர்வென்றால் மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். என் மேசையில் அதற்கு விண்ணப்பம் ஏது? செருகிய விடையை அடித்தேன், 34-ஐயும் அடித்தேன், 37 என்று எழுதி, கூட்டலில் பிழை என்னுடையது என்று வகுப்பறியச் சொன்னேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பெற்றோர் கையொப்பத்துடன் தாளைக் கொண்டுவந்தான். அதுவரை அவன் தாள்களில் எல்லாம் தகப்பனார் பெயரில், வளைந்து நெளிந்த அழகான ஆங்கிலக் கையொப்பம் இருக்கும். அன்று இருந்தது, ஓரம் சற்றே கலைந்த, ஒரு தாயின் கட்டைவிரல் ரேகை.