142-0 வாங்கிய நமீபியா, ஃபிஜியை மடக்கிய உருகுவே: ரக்பி நேஷன்ஸ் கப்பின் கதை

வணக்கம் மக்களே! வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை வருகிற ரோட்டோரம் நிற்கிறேன். மைக்கில் காற்றுச் சத்தம் அதிகம் இருக்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, அதை ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் பிள்ளைகள் ரக்பி பாஸ் பழகுகிறார்கள். கிக் பழக இன்றைக்கு வழியில்லை, பந்து எங்கள் ஊரில் கிளம்பி அடுத்த பஞ்சாயத்தில் போய் விழும்!

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் உலகக் கோப்பை ஹைலைட்ஸ் பார்த்துவிட்டு வந்து, "அண்ணா, பெரிய டீமிடம் நூறு பாயிண்டில் தோற்கிறவர்கள் எதற்கு வருகிறார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்குத்தான் இந்த வீடியோ.

2003 உலகக் கோப்பையில் அடிலெய்டில் ஆஸ்திரேலியா 142, நமீபியா 0. எண்பது நிமிட ஆட்டம் அது. பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் ட்ரை, அதற்கு 5 புள்ளி. அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கன்வர்ஷன், அதற்கு 2. நூற்று நாற்பத்திரண்டு என்றால் ஆஸ்திரேலியா ஓடிக்கொண்டே இருந்தது, நமீபியாக்காரர்கள் கம்பத்துக்கு அடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று அர்த்தம். அந்த ஆட்டத்தில் இருந்து நமீபியாக்காரர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? ஒன்றுமே இல்லை என்பேன். அடி வாங்கினால் பாடம் வரும் என்பதை நான் நம்புவதில்லை. கொஞ்சம் எட்டினால் பிடித்துவிடலாம் என்கிற தூரத்தில் எதிரணி இருந்தால்தான் பாடம் வரும்.

அப்படிப்பட்ட எதிரணியைத் தேடிக் கொடுத்த போட்டிதான் நேஷன்ஸ் கப். சர்வதேச ரக்பி வாரியம் 2006-ல் தொடங்கியது. முதல் வருடம் லிஸ்பனில் நாலே அணிகள்: போர்ச்சுகல், ரஷ்யா, இத்தாலி ஏ, அர்ஜென்டினா ஏ. 'ஏ' என்றால் அந்த நாட்டின் இரண்டாம் அணி. அர்ஜென்டினா ஏ ஜெயித்தது. அடுத்த வருடமே புக்கரெஸ்டுக்கு மாறியது, அப்புறம் பத்து வருடம் ருமேனியாதான் அதன் வீடு.

இதில் இந்த 'ஏ' அணி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அந்த வருடங்களில் ஜூன் மாதத்தில் அயர்லாந்தோ ஸ்காட்லாந்தோ தன் முதல் அணியை ருமேனியாவுக்கோ ஜார்ஜியாவுக்கோ அனுப்பாது. அதற்கு அதைவிடப் பெரிய டூர் இருக்கும். ஆனால் இரண்டாம் அணி இருக்கிறதே! தேசிய அணியின் வாசலில் நிற்கிற இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பையன்கள். அவர்களுக்கும் வெளிநாட்டில் போய் கடினமான ஆட்டம் ஆட ஒரு இடம் வேண்டும். ருமேனியாவுக்குத் தன்னைவிட ஒரு படி மேலே இருக்கிற எதிரி வேண்டும். இரண்டு பேருக்கும் தேவை, இரண்டு பேருக்கும் லாபம். ஸ்காட்லாந்து ஏ 2009-ல் கோப்பையை வாங்கியது, எமர்ஜிங் அயர்லாந்து 2014-ல் வாங்கியது, தென்னாப்பிரிக்காவின் இளம் அணிகளும் வாங்கின.

சிலர் இரண்டாம் அணியோடு ஆடுவதை மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே பிடிக்காது. ஸ்க்ரம்மில் தோள் கொடுத்துத் தள்ளும்போது எதிரே இருக்கிறவனின் சட்டையில் 'ஏ' என்று எழுதியிருப்பதால் அவன் பலம் குறைந்துவிடுமா? சம்பளம் வாங்கி முழுநேரமும் ரக்பி ஆடுகிறவன் அவன். வேலைக்குப் போய்க்கொண்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவனுக்கு அவனை விடப் பெரிய வாத்தியார் கிடையாது.

இப்போது நமீபியாவுக்கு வருவோம். 142-0 முடிந்து ஏழே வருடம். 2010-ல் புக்கரெஸ்டில் ஸ்காட்லாந்து ஏ அணியை ஜெயித்தார்கள், ருமேனியாவை அதன் சொந்த மண்ணில் ஜெயித்தார்கள், கோப்பையைத் தூக்கினார்கள். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் இதோடு கதை சுபம் என்று சொன்னால் அது பொய். நமீபியா உலகக் கோப்பையில் 2023 வரை ஒரு ஆட்டம் கூட ஜெயிக்கவில்லை. 2023-ல் பிரான்ஸ் மார்சேயில் அவர்களை 96-0 என்று அடித்தது. ஒரு நல்ல ஜூன் மாதம் மட்டும் போதாது, வருடா வருடம் அது மாதிரி ஆட்டங்கள் வேண்டும், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமும் வேண்டும்.

அது இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உருகுவேயைப் பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த அணி. அவர்கள் சட்டையில் இருப்பது தேரோ என்கிற பறவை, நம்ம கரிசல் காட்டில் கத்திக்கொண்டு திரிகிற ஆள்காட்டிக்குச் சொந்தக்காரன். தரையில் கூடு வைத்து, மாடே வந்தாலும் எதிர்த்து நிற்கும். 2015 உலகக் கோப்பையில் இவர்கள் நாலு ஆட்டமும் தோற்றார்கள். ஃபிஜியிடம் 47-15, இங்கிலாந்திடம் 60-3. அப்புறம் 2017-ல் நேஷன்ஸ் கப் மான்டெவிடியோவுக்கு வந்தது. சருவா ஸ்டேடியத்தில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், 2017, 2018, 2019 மூன்று வருடமும் கோப்பை உருகுவேக்கு. கூடவே நிரந்தரப் பயிற்சி மையம், ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் எல்லாம் வந்தது. 2019 செப்டம்பர் 25, ஜப்பானில் கமைஷி. சுனாமியில் அழிந்து எழுந்து வந்த ஊர் அது. அதே ஃபிஜி. உருகுவே 30, ஃபிஜி 27. டிவியில் எல்லோரும் 'அதிர்ச்சி வெற்றி' என்றார்கள். மூன்று ஜூன் மாதங்களைப் பார்த்திருந்தவர்கள் அவ்வளவாக அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

அந்த 2019-க்கு அப்புறம் பழைய நேஷன்ஸ் கப் நின்றுபோனது. 2023 அக்டோபரில், 2026 முதல் பன்னிரண்டு அணிகளோடு ஒரு இரண்டாம் நிலைப் போட்டி வரும் என்று உலக ரக்பி அமைப்பு (பழைய சர்வதேச ரக்பி வாரியம்தான்) அறிவித்தது. அது நல்ல செய்தி. ஆனால் அங்கிருந்து முதல் நிலைக்கு ஏறுகிற கதவு 2030-ல்தான் திறக்கும் என்றார்கள். இது எனக்கு வருத்தம். நாலு வருடம் என்பது ஒரு ஆட்டக்காரனின் வாழ்க்கையில் பாதி.

நம்ம இந்தியாவிலும் இதே கதைதான். நம் பெண்கள் அணி 2018-ல்தான் பதினைந்து பேர் ஆட்டத்துக்கே வந்தது. அடுத்த வருடம் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்தார்கள், முதல் சர்வதேச வெற்றி. இரண்டே புள்ளி வித்தியாசம். அந்த மாதிரி நெருக்கமான ஆட்டம் வருடத்துக்குப் பத்து கிடைத்தால் அவர்கள் எங்கே போய் நிற்பார்கள்!

எங்கள் பக்கம் செவன்ஸ் ஃபுட்பால் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது? அறுவடை முடிந்தால் ஊருக்கு ஊர் டூர்னமென்ட், கேலரி கட்டி, லைட் போட்டு, பையன் ஒரு சீசனில் அத்தனை ஆட்டம் ஆடிவிடுகிறான். ரக்பி பழகுகிற இந்தப் பிள்ளைகளுக்கு அது இல்லை. தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடி ஆடி, யார் எந்தப் பக்கம் திரும்புவான் என்று எல்லோருக்கும் மனப்பாடம்.

அதனால் கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் ரக்பி அணி வைத்திருக்கிறவர்கள் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். முதல் அணிக்கு வேறு ஆட்டம் இருந்தால் இரண்டாம் அணியை அனுப்புங்கள். கிரவுண்ட் எங்களுடையது, மத்தியானச் சாப்பாடும் எங்களுடையது. காற்று கொஞ்சம் அதிகம் இருக்கும், கிக்கர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.