ஜாடிக்கு அடியில் தேங்கும் தண்ணீர்

எல்லோருக்கும் வணக்கம்.

உப்பைப் பற்றிப் பேச மேடை ஏறினால் வேதாரண்யத்தில் தொடங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம். இன்றைக்கு அதை விட்டுவிடுகிறேன். வாசலில் இயற்கை அங்காடிக் கடை போட்டிருக்கிறார்கள். கல்லுப்புப் பொட்டலத்தின் மேல் ‘84 தாதுக்கள் அடங்கியது’ என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே வரும்போதே பார்த்தேன். விற்கிறவர் எனக்கு வேண்டியவர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார்.

84 என்பதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. கடல் நீரில் தேடினால் ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது. தங்கம்கூட இருக்கிறது. ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துத்தான் கணக்கு அத்தனை தூரம் போகிறது. ஒரு தேக்கரண்டியில் எது எவ்வளவு வருகிறது என்று மட்டும் பொட்டலத்தில் எழுத மாட்டார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். அப்பா உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூட விடுமுறையில் பாத்தி வரப்பில் நடந்து பழகிய கால் இது. அதனால் கடை அலமாரியிலிருந்து தொடங்காமல் பாத்தியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் நாம் சமையலுக்குப் போடுகிற சோடியம் குளோரைடு 27 கிராம் போல. மக்னீசியம் 1.3 கிராம். கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம். வெயிலில் தண்ணீர் வற்றும்போது இவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இறங்குவதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் சுண்ணாம்பு இறங்கும். அப்புறம் ஜிப்சம். ஆக, கால்சியத்தில் பெரும்பங்கு உப்பு விளைகிற பாத்திக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே வழியில் தங்கிவிடுகிறது. தண்ணீரின் அடர்த்தி, போமே என்கிற அடர்த்தி அளவில், 25 டிகிரியைத் தாண்டினால்தான் உப்பு பூக்கும். 30 டிகிரியை நெருங்கும்போது மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விளைந்த உப்பு கசந்துபோகும். கடலிலிருந்து வந்த மக்னீசியத்தில் பெரும்பகுதி அந்த மிச்சத் தண்ணீரில்தான் இருக்கிறது.

அதற்கு எங்கள் ஊரில் என்ன பெயர் தெரியுமா? நஞ்சுத் தண்ணீர். அது வடிந்து போகிற ஓடைக்கு நஞ்சோடை.

அதோடும் முடியவில்லை. வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். மக்னீசியம் குளோரைடுக்குக் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. இழுத்த ஈரத்திலேயே கரைந்து, குவியலின் அடி வழியாகத் தானே ஒழுகிப் போய்விடும். அம்மா ஊறுகாய்க்குப் புது உப்பைத் தொடவே மாட்டாள். “கசக்கும், பழசை எடு” என்பாள். தென்கொரியாவில் சினான் தீவுகளில் இதையே பெரிய தொழிலாகச் செய்கிறார்கள். வெயிலில் விளைந்த கடல் உப்பை வருடக்கணக்கில் அடுக்கி வைத்து, கசப்புத் தண்ணீரை வடியவிட்டு, கிம்ச்சி என்கிற அவர்கள் ஊர் ஊறுகாய் போட விற்கிறார்கள். மூன்று வருடம் வடிந்தது என்றால் விலை கூடுதல். எந்தத் தாதுவுக்காக நாம் இயற்கை உப்பைத் தேடிப் போகிறோமோ, அதை வெளியேற்றத்தான் உப்போடு பழகியவர்கள் இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்.

(இன்னொன்று, தூத்துக்குடியில் இன்று பல அளங்களில் பாய்வது கடல் நீரே அல்ல. ஆழ்துளைக் கிணற்று உவர்நீர். பொட்டலத்தில் அலை படம் போட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.)

சரி, கொஞ்சம் மக்னீசியம் உப்பிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். தாராளமாக அரை சதவீதம் என்று போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகத்தான் உப்பு என்கிறது. 5 கிராமில் அரை சதவீதம் 25 மில்லிகிராம். நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய மக்னீசியம் சுமார் 400 மில்லிகிராம். அதை உப்பிலிருந்தே எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் 80 கிராம் உப்பு தின்ன வேண்டும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம்தான், அதிலேயே 50 மில்லிகிராம் கிடைக்கிறது. கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். அந்தக் கடையிலேயே உப்புக்குப் பக்கத்துத் தட்டில் கேழ்வரகு மாவு வைத்திருக்கிறார், நான் பார்த்தேன்.

அயோடினில்தான் நிஜமான சிக்கல். கடலில் அயோடின் இருக்கிறதே, கடல் உப்பில் இருக்காதா என்று கேட்கிறார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் இருப்பது சுமார் 60 மைக்ரோகிராம். அவ்வளவும் சிந்தாமல் உப்பில் இறங்கினாலும் 5 கிராமில் 11 மைக்ரோகிராம்தான் வரும். ஒரு நாளைக்கு வேண்டியது 150. அந்த 11கூட நஞ்சோடையோடும் காற்றோடும் போய்விடுகிறது. 1956இல் இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமி குழுவினர் ஊர்களைப் பிரித்து, சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருடங்களில் அயோடின் உப்பு தின்ற பகுதிகளில், அயோடின் பற்றாக்குறையால் வருகிற கழுத்துக் கழலை நன்றாகக் குறைந்தது. கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் அயோடின் இல்லாத உப்பை ‘இயற்கை’ என்று வாங்கி வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கல்லுப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதுதான். மோர்மிளகாய்க்கும் மாங்காய்க்கும் தூளுப்பு சரிப்படாது. உதிரியாக இருப்பதற்காகத் தூளுப்பில் போடுகிற பொடி எதுவும் பெரும்பாலும் கல்லுப்பில் இருக்காது. அயோடின் சேர்த்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறது, மூடி போட்ட ஜாடியில் ஈரம் படாமல் வைத்தால் போதும்.

முன்வரிசையில் ஒரு அம்மா கை தூக்குகிறார். சொல்லுங்கம்மா... மழைக்காலத்தில் ஜாடி அடியில் தண்ணீர் நிற்கிறதா? சாம்பாரில் ஊற்றலாமா என்கிறார். ஊற்றாதீர்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், முதலில் கரிக்கும், அப்புறம் கசக்கும். அந்தக் கசப்புதான் பொட்டலத்தில் போட்டிருக்கிற மக்னீசியம். ஜப்பானில் அந்தத் தண்ணீரை வீணாக்குவதில்லை, நிகாரி என்று பெயர் வைத்து, சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்கிறார்கள்.