ஹேண்டில் லாக் போடாதீங்க

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

பள்ளிவாசலில் மைக் எதற்கு என்று கேட்டால், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதற்கு என்பீர்கள். ரமலான் மாதத்தில் பாங்கு சொல்லும் எங்கள் மோதினார் பாங்குக்கு அடுத்தபடியாக அதில் அதிகம் சொல்வது வண்டி நம்பர்தான். "வெள்ளைக் கலர் கார், டிஎன் பூஜ்யம் ஒன்பது... கொஞ்சம் எடுத்துவிடுங்க, எதிர்வீட்டுக்காரர் காத்திருக்கிறார்." முன்வரிசையில் நிற்பவருக்கு அது தன் வண்டிதான் என்று தெரிகிறது. ஆனால் தொழுகை நடத்தும் இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார். இனி ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை வண்டிக்காரர் நகர முடியாது. வெளியே எதிர்வீட்டுக்காரரும் நகர முடியாது.

திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் பள்ளிவாசல். நோன்பு மாதத்தில் அங்கே வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைக்கும் வேலை பல வருடங்களாக என்னுடையது. யாரும் நியமிக்கவில்லை. ஒரு நாள் சத்தம் போட்டேன், மறுநாள் பள்ளிவாசல் ஜமாத் நிர்வாகத்தின் செயலாளர் என் கையில் ஒரு விசிலைக் கொடுத்துவிட்டார்.

1795இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல் எங்களுக்குப் பக்கம்தான். அதற்கு முன்னால் பெரிய திறந்தவெளி இருக்கிறது. நோன்பு திறக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தாலும் அந்த இடம் தாங்கும். மயிலாப்பூரிலிருந்து சிந்தி அன்பர்கள் பல வருடங்களாக அங்கே உணவு கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். சந்துப் பள்ளிவாசல்களுக்கு அந்த வசதி இல்லை. நடந்து வருகிறவர்களை நினைத்துக் கட்டியவை அவை. வாசலுக்கும் எதிர்வீட்டுத் திண்ணைக்கும் நடுவில் ஒரு கார் நின்றால், ஒரு ஸ்கூட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ரமலான் ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னால் வரும். 2030இல் ஜனவரியில் ஒரு ரமலான், டிசம்பரில் இன்னொரு ரமலான் என்று இரண்டு தொடங்கப் போகின்றன. ஆனால் எந்த மாதத்தில் வந்தாலும் சென்னையில் சூரியன் மறைந்து நோன்பு திறப்பது ஐந்தரை மணிக்கும் ஆறே முக்கால் மணிக்கும் நடுவில்தான். ஆபீஸ் விடும் நேரமும் அதுதான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர், அண்ணா சாலை நெரிசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, பாங்குக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது எங்கள் சந்துக்குள் நுழைகிறார். அவர் வண்டியை நிறுத்துகிறார் என்று சொல்ல மாட்டேன், போட்டுவிட்டு ஓடுகிறார்.

அவரைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பார். நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தக் கூடாது என்று நபிகள் நாயகம் சொல்லியிருக்கிறார்களே என்பார். சரிதான், சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பள்ளிவாசலுக்குள் உட்கார்ந்துதான் திறக்க வேண்டும் என்று சொல்லவில்லையே. இரண்டு பேரீச்சம்பழத்தையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாங்கு சொல்லும்போது வழியில் இருந்தால், ஓரமாக நிறுத்தி அங்கேயே நோன்பைத் திறந்துவிடுங்கள். அப்புறம் அவசரம் ஏது? தொழுகை தொடங்கப் போகிறது என்று அறிவிக்கும் இகாமத் காதில் விழுந்தாலும் ஓடி வராதீர்கள், நிதானமாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்றும் அதே நபிகள்தான் சொல்லியிருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு முதல் ஹதீஸ், அதாவது முதல் நபிமொழி, மனப்பாடம். இரண்டாவதை நான்தான் வாசலில் நின்று நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கு முன்னால், பிற்பகல் தொழுகையான அஸர் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை யாரும் யோசிப்பதில்லை. நாலரை, ஐந்து மணிக்குக் கஞ்சி ஊற்றுவோம். தெருப் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். இந்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள், எங்கள் தெருவில் அது சகஜம். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கஞ்சியை எடுத்துக்கொண்டு அந்தக் குழந்தை இரண்டு பைக்குகளுக்கு நடுவில் நுழைந்து வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் சைலன்சர் சூடு, இன்னொரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஹேண்டில்பார். சூடு பட்ட பிஞ்சுக் கால்களுக்கு நானே மருந்து போட்டுவிட்டிருக்கிறேன். அதனால் கஞ்சி ஊற்றும் பக்கத்தில் கயிறு கட்டிவிடுகிறோம். அந்தப் பக்கம் சைக்கிள்கூட நிற்கக் கூடாது.

பைக்கை நிறுத்துவதிலும் கொஞ்சம் வித்தை இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினால் ஒன்றரை வண்டிக்கான இடம் போய்விடும். சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தினால் அதே சுவரோரம் இன்னும் பல வண்டிகள் நிற்கும். ஆனால் நான் தொண்டை வற்றக் கத்துவது வேறொன்றுக்காக: "ஹேண்டில் லாக் போடாதீங்க!" லாக் போட்ட வண்டியை நகர்த்த நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். போடாமல் விட்டால் திருட்டுப் பயம் என்பார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் மூன்று இளைஞர்களை வெளியே காவலுக்கு நிறுத்துகிறோம். மற்றவர்கள் தொழுது முடித்த பிறகு அவர்கள் தனியாக ஜமாத் வைத்து, அதாவது கூட்டாகச் சேர்ந்து, தொழுதுகொள்வார்கள். நீங்கள் நிம்மதியாகக் குனிந்து ருகூவும், நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதும் செய்வது அவர்கள் வெளியே நிற்பதால்தான்.

ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ் என்றாலே எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று. சிலர் எட்டு ரக்அத்தோடு கிளம்பிவிடுவார்கள், சிலர் இருபதும் தொழுது, கடைசியாக வரும் வித்ர் தொழுகையும் முடித்துத்தான் வருவார்கள். எது சரி என்ற விவாதத்தை மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன், என் கவலை வண்டிதான். எட்டுக்காரர் வண்டி உள்ளே சுவரோரம், இருபதுக்காரர் வண்டி அதற்கு முன்னால் என்று நின்றுவிட்டால், பாதித் தொழுகையில் சந்தே திருவிழா ஆகிவிடும். இப்போது வாசலிலேயே கேட்டுவிடுகிறேன்: "எட்டா, இருபதா?" முதல் வருடம் சிலருக்குக் கோபம் வந்தது. நான் கொள்கைச் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். விஷயம் புரிந்ததும் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு எட்டு, பாய்" என்று அவர்களே வெளி வரிசையில் விடுகிறார்கள்.

என்னை இந்த வேலையில் உட்கார வைத்தது ஓர் இரவு. சந்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி. டயாலிசிஸ் முடித்து ஆட்டோவில் கூட்டி வருகிறார்கள். சந்து முனையிலேயே ஒரு கார், வளைவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே தராவீஹ் நடக்கிறது. மைக்கில் நம்பர் சொல்லவும் முடியாது. பாட்டியின் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, பைக்குகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நடந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நோன்பு மாசம்தானே பாய், ஒரு மாசம்தானே" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அன்று மாலைதான் நான் வாசலில் நின்று சத்தம் போட்டது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சாலைச் சந்திப்பு, வளைவு, நடைபாதை, பஸ் நிறுத்தம், மருத்துவமனை வாசல், அடுத்தவர் வீட்டு வாசல், ஏற்கெனவே நிற்கிற வண்டிக்கு இணையாக இரண்டாவது வரிசை, இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது. முதல் தடவை 500 ரூபாய், மறுபடியும் மாட்டினால் 1,500. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய். தொழப் போயிருந்தேன் என்று சொன்னால் தள்ளுபடி கிடையாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை சமோசா என்று பல வாரங்களுக்கு முன்பே கூட்டம் போடுகிறோம். வண்டி எங்கே நிற்கும் என்று ஒரு கூட்டம் போடுவதில்லை. பக்கத்தில் பள்ளிக்கூட மைதானமோ, ராத்திரி பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபமோ இருந்தால், போய்க் கேட்டால் கொடுப்பார்கள். எங்களுக்கு ஒரு மரக்கடைக்காரர் தன் முற்றத்தைக் கொடுத்தார். அவர் முஸ்லிம் அல்ல. நாங்கள் கேட்காமலேயே இருந்ததுதான் அத்தனை வருடத் தவறு. மரக்கடை முற்றத்திலிருந்து பள்ளிவாசலுக்கு ஆறு நிமிட நடை. அவ்வளவு தூரமா என்று முதல் வாரம் முகம் சுளித்தவர்கள் உண்டு.

அவர்களுக்கு எங்கள் மார்க்க அறிஞர் ஹஸ்ரத் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பனூ சலிமா கூட்டத்தாரின் கதையைச் சொன்னார். மதீனாவில் அவர்கள் வீடுகள் பள்ளிவாசலிலிருந்து தூரத்தில் இருந்தன. பள்ளிவாசல் பக்கத்தில் இடம் காலியானதும் அங்கே குடிவர நினைத்தார்கள். நபிகள் நாயகம் அவர்களை அழைத்து, பனூ சலிமாவே, உங்கள் வீடுகளிலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்றார்கள். நடந்து வரும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று பொருள். அந்த வாரத்திலிருந்து மரக்கடை முற்றம் நிறைந்துவிடுகிறது. இடம் கிடைக்காமல் கடற்கரைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

மிகப் புனிதமான இரவு என்று பலர் விழித்திருந்து தொழும் ரமலானின் இருபத்தேழாம் இரவு மட்டும் இன்னும் எங்களுக்குப் பிடிபடவில்லை. அன்று வருகிற கூட்டத்துக்கு மரக்கடை, மைதானம், கடற்கரை எதுவும் போதாது. அன்றைக்கு மட்டுமாவது, வீடு பக்கத்தில் இருப்பவர்கள் வண்டியை எடுக்காமல் வாருங்கள். விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்தில் திரும்பும்போது ஹாரன் அடிக்காமல், கதவை அறையாமல் போங்கள். மார்ச் மாதம் என்றால் பக்கத்து வீட்டில் பிளஸ் டூ பிள்ளை அப்போதுதான் படித்துவிட்டுக் கண் அசந்திருக்கும்.

சரி, எனக்கு நேரமாகிவிட்டது. இங்கிருந்து பள்ளிவாசலுக்கு பஸ்ஸில்தான் போகிறேன். நன்றி, வணக்கம்.