பிரிக்காத நாலு ஜெர்சி

மக்களே, வணக்கம். தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று திருவனந்தபுரத்தில் நம்ம பெண்பிள்ளைகள் ரக்பி ஆடும்போது லைனுக்கு வெளியே நின்று கத்திய கத்தல் அப்படி. இன்றைக்கு ரப்பர் தோட்டத்தில் நடந்துகொண்டே பேசவில்லை, வீட்டு வராந்தாவில்தான் இருக்கிறேன். இதைக் காட்ட வேண்டும். தெரிகிறதா? 9, 10, 11, 12. நாலு ஜெர்சி. கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

இது வாங்கிய கதையைப் போன வீடியோவில் பாதியில் விட்டேன். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ஒன்றுக்கு 380 ரூபாய் சொன்னார்கள். பன்னிரண்டுக்கு 4,560. நான் விடவில்லை. முதல் நாள் பேசி 370, மறுநாள் போய் 360. மூன்றாம் நாள் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் ஆசையாகத் துணியைத் தடவிப் பார்த்ததைக் கண்ட அந்த அண்ணன் 340-க்கு இறங்கிவிட்டார். 480 ரூபாய் மிச்சம்! நம்பர் அச்சடிக்கத் தனிக் காசும் கிடையாது. தோளில் இரட்டைத் தையல், இங்கே பாருங்கள், இழுத்தாலும் பிரியாது. ரக்பியில் ஒற்றைத் தையல் ஒரு மேட்ச் தாங்காது.

சரி, நேற்று நடந்ததற்கு வருகிறேன். 12 பேரைப் பதிவு செய்யலாம், செய்தோம். பஸ் ஏறியது 8 பேர். ஒருத்தி வீட்டில் அக்காவுக்கு நிச்சயம். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகல். ஒருத்திக்குப் பள்ளியில் அனுமதி கிடைக்கவில்லை. இன்னொருத்தியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் ஆடுவது செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி. ஏழு ஏழு நிமிடம், 14 நிமிட ஆட்டம்தானே என்று நினைக்க வேண்டாம். மைதானம் 15 பேர் ஆடும் ரக்பிக்கான அதே மைதானம். நூறு மீட்டர் நீளம், எழுபது மீட்டர் வரை அகலம். அதை ஏழு பேர் காக்க வேண்டும். ஆ, இதைச் சொல்ல மறந்துவிட்டேன், அரையிறுதிக்கு முன்னால் காலையிலேயே மூன்று மேட்ச் ஆடி மூன்றிலும் ஜெயித்திருந்தோம். அந்த அலுப்போடுதான் அரையிறுதிக்கு இறங்கினோம். இடைவேளையில் 12-5, நாங்கள்தான் முன்னால்.

அந்த இரண்டு நிமிட இடைவேளையில் ஐந்தாம் நம்பர் புல்லில் படுத்துவிட்டாள். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப்போய், பெருவிரலை வைத்து அழுத்தினாலும் அமுங்கவில்லை. உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஓடுகேன் அக்கா, என்னை மாத்தாதீங்க" என்றாள். மாற்ற ஆள் எங்கே? மூன்றாம் நம்பருக்குத் தோளில் அடிபட்டு, எட்டாம் நம்பரை முன்பே இறக்கியாகிவிட்டது. கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று டிரை விட்டுக்கொடுத்தோம், அதாவது மூன்று தடவை அவர்கள் நம் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார்கள். மூன்றும் ஐந்தாம் நம்பர் நின்ற பக்கம். 22-12, தோற்றோம்.

எதிரணியைக் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் கால் தளர்ந்திருக்கிறது என்று பார்த்து ஆடினார்கள், அதுதான் ஆட்டம். அவர்கள் பெஞ்சிலிருந்து நாலு பேர் புதுக் காலோடு வந்தார்கள்.

"நல்ல ஏழு பேர் இருந்தால் போதுமே" என்று திரும்பும் பஸ்ஸில் ஒருவர் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2011 ரக்பி உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்குப் பத்தாம் நம்பர் இடத்தில், ஆட்டத்தை நடத்தும் இடம் அது, டேன் கார்ட்டர் இருந்தார். காயம். அடுத்தவர் கோலின் ஸ்லேட், காயம். மூன்றாமவர் ஏரன் குரூடன், இறுதிப் போட்டியின் நடுவிலேயே முழங்கால் போனது. நாலாமவர் ஸ்டீபன் டொனால்ட், அழைப்பு வந்தபோது ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். ஜெர்சி வயிற்றைப் பிடித்தது. அவர் அடித்த பெனால்டியில்தான் பிரான்ஸை 8-7 என்று வென்றார்கள். இதைச் சொல்லித் தந்தது நம்ம கார்க் அக்கா, சித்தி மகள், அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸ். அவள் ஊர்க் கதை நேர்மாறு. 2015 உலகக் கோப்பைக் காலிறுதியில் அயர்லாந்தின் முக்கிய ஆட்டக்காரர்கள் ஓ'கானல், செக்ஸ்டன் இருவரும் காயத்தில் வெளியே. அர்ஜென்டினாவிடம் 43-20 என்று தோற்றார்கள். உலகக் கோப்பையில் அயர்லாந்து ஆண்கள் அணி இதுவரை காலிறுதியைத் தாண்டியதே இல்லை.

சரி, அந்த நாலாவது பிள்ளை. பதினொன்றாம் நம்பர். அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை, வர மனமில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதம் விடியற்காலை ஐந்தரைக்குத் தவறாமல் வந்தவள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே ஏழு பேரை வைத்தே பாஸ் பழக்கினேன். அவளை டேக்கிள் பேட் பிடிக்க விட்டேன், மற்றவர்கள் மோதிப் பழகும் மெத்தை அது. ஒரு பயிற்சி மேட்சில்கூட இறக்கவில்லை. அவளும் எத்தனை நாள்தான் மற்றவர்கள் மோதுவதைத் தாங்கிக்கொண்டு நிற்பாள்? பன்னிரண்டு பேர் பெயர் தாளில் இருந்தது, ஆடத் தயாராக இருந்தது எட்டுப் பேர். அது என் தப்பு. அடுத்த வாரத்திலிருந்து பாதி ஆட்டம் பெஞ்ச் பிள்ளைகளுக்கு. தோற்றாலும் சரி.

இப்போது அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். அவள் அம்மாவிடமும் பேச வேண்டும், பல் உடையும் என்று பயப்படுகிறார்கள். அதற்கு மவுத்கார்டு வாங்கி வைத்திருக்கிறேன், வெந்நீரில் போட்டுக் கடித்தால் பல்லுக்கு ஏற்ற மாதிரி படியும் வகை. விலை... வேண்டாம், அது இன்னொரு கதை. நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இந்த 11-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கவர் அப்படியே இருக்கட்டும், அவளே பிரிக்கட்டும்.