செக்கர்ஸ் திட்டம்: பிரெக்ஸிட் கேட்டவர்களே ஏன் எதிர்த்தார்கள்?

[திரையில்: செக்கர்ஸ் மாளிகை, 2018 ஜூலை 6]

செக்கர்ஸ் என்பது பிரிட்டன் பிரதமரின் நாட்டுப்புற இல்லம். அன்று வெள்ளிக்கிழமை. அப்போதைய பிரதமர் தெரசா மே தன் அமைச்சரவையை அங்கே உட்காரவைத்து, பிரெக்ஸிட் திட்டம் ஒன்றுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகும் திட்டத்துக்கு, சம்மதம் வாங்கினார். ஞாயிறு இரவே பிரெக்ஸிட் அமைச்சர் டேவிட் டேவிஸ் ராஜினாமா. திங்களன்று வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சன். ஒன்றியத்தை விட்டு விலகு என்று ஊர் ஊராகப் பேசிய இவர்களுக்கு, விலகும் திட்டத்தில் என்ன குறை?

[திரையில்: சரக்கு லாரி, எல்லைக் கோடு]

திட்டம் இதுதான்: எல்லையில் சோதனை வராமலிருக்க, உணவுப்பொருள் உள்ளிட்ட சரக்குகளுக்கு மட்டும் ஒன்றியத்தின் விதிகளையே பிரிட்டனும் வைத்துக்கொள்ளும். இதற்குப் 'பொது விதிப்புத்தகம்' என்று பெயர். சேவைத்துறை இதில் சேராது. சிக்கல் எங்கே? நாளை பிரஸ்ஸல்ஸ் (ஒன்றியத்தின் தலைமையகம்) ஒரு விதியை மாற்றினால் லண்டனும் மாற்ற வேண்டும். ஆனால் அந்த மேசையில் பிரிட்டனுக்கு ஓட்டு இருக்காது. நாடாளுமன்றம் மறுக்கலாம், மறுத்தால் சந்தை வாசல் குறுகும். ஜேக்கப் ரீஸ்-மாக் தலைமையிலான 'ஐரோப்பிய ஆய்வுக் குழு' (பெயர்தான் பல்கலைக்கழகத் துறை மாதிரி, உள்ளே இருந்தவர்கள் அன்றைய ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள்) இதைச் சிற்றரசு நிலை என்றே பார்த்தது.

[திரையில்: துறைமுகத்தில் ஒரு கார்]

அடுத்தது சுங்கவரி. ஒன்றியம் கார் இறக்குமதிக்கு 10% வரி வாங்குகிறது. பிரிட்டன் தன் வரியை 5% ஆக்கியது என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் துறைமுகத்தில் இறங்கும் கார் அங்கேயே விற்பனையானால் 5%. பிரான்சுக்குப் போனால் 10% வசூலித்து ஒன்றியத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கே போகும் என்று தெரியாவிட்டால் முதலில் அதிகமான வரி, பிறகு வித்தியாசத்தைத் திருப்பித் தருவது. காகிதத்தில் அழகு! ஒவ்வொரு பெட்டியையும் கடைசி வாடிக்கையாளர்வரை யார் துரத்துவது?

ஜூலை 16இல் எதிர்ப்பாளர்கள் சுங்கவரி மசோதாவில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: ஒன்றியமும் நமக்காக வசூலிக்காவிட்டால் நாமும் அவர்களுக்காக வசூலிக்கக் கூடாது. அரசு அதை ஏற்றுக்கொண்டது. 305-302 என நிறைவேறியது. செப்டம்பரில் சால்ஸ்பர்க் மாநாட்டில் ஒன்றியத் தலைவர்களும் கைவிரித்தார்கள்.

[திரையில்: அயர்லாந்து வரைபடம்]

நவம்பரில் ஒன்றியத்தோடு 585 பக்க விலகல் ஒப்பந்தம் வந்தது. எதிர்ப்பு முழுக்க இப்போது 'பேக்ஸ்டாப்' மீது குவிந்தது. அயர்லாந்துத் தீவில் (வடக்கு பிரிட்டனுடையது, தெற்கு ஒன்றியத்தில் உள்ள தனி நாடு) சோதனைச் சாவடி எழாமலிருக்க, வேறு வழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும். அதிலிருந்து வெளியேற இரு தரப்பும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இங்கேதான் அவர்கள் வாதம் வலுவானது: ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவின்படி ஒன்றியத்தை விட்டே ஒரு நாடு தனியாக விலகலாம், பேக்ஸ்டாப்பை விட்டுத் தனியாக விலக முடியாது. பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று பிரஸ்ஸல்ஸ் கையில்.

[திரையில்: கடித உறைகள், 48]

பிரதமரை இறக்க அன்றைய கட்சி விதியில் வழி இருந்தது. கட்சி எம்.பி.க்களில் 15%, அதாவது 48 பேர், 1922 கமிட்டியின் (கட்சி எம்.பி.க்களின் குழு) அன்றைய தலைவர் கிரஹாம் பிராடிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். எத்தனை வந்தது என்று அவர் சொல்லமாட்டார். டிசம்பரில் எண்ணிக்கை நிறைந்தது. 12ஆம் தேதி வாக்கெடுப்பில் மே 200-117 என வென்றார். வென்றவரை அடுத்த 12 மாதம் தொடக்கூடாது என்பது அன்றைய விதி. அவசரப்பட்டு ஒரே தோட்டாவையும் சுட்டுவிட்டார்கள். 117 பேரால் தலைவரை வீழ்த்த முடியாது. ஒப்பந்தத்தை வீழ்த்த அது தாராளம்.

[திரையில்: மூன்று வாக்கெடுப்புகள்]

2019 ஜனவரி 15: நாடாளுமன்றத்தில் ஒப்பந்தத்துக்கு எதிராக 432, ஆதரவாக 202. தோற்கடித்தவர்களில் 118 பேர் மேயின் கட்சி. மார்ச் 12 காலையில், பேக்ஸ்டாப்பில் சிக்கும் சட்ட அபாயம் மாறவில்லை என்று அட்டர்னி ஜெனரல் ஜெஃப்ரி காக்ஸ் எழுதிக்கொடுத்தார், மாலையில் 391-242. மார்ச் 29இல் ஜான்சனும் ரீஸ்-மாக்கும்கூட ஆதரவுக்கு மாறிவிட்டார்கள். அப்போதும் 344-286.

அசையாமல் நின்ற 28 பிரெக்ஸிட் எம்.பி.க்களுக்கு 'ஸ்பார்ட்டன்கள்' என்று பெயர் வந்தது. ஒப்பந்தத்தைக் கொன்றது அவர்கள்தான் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 28 பேரும் மாறியிருந்தால் 316-314. இரண்டு ஓட்டில் தோல்வியே. வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் 10 பேரும் சேர்ந்திருந்தால் நிறைவேறியிருக்கும். பிரிட்டனின் மற்ற பகுதிகளைவிட தங்கள் மண்ணில் அதிகமான ஒன்றிய விதிகள் இருக்கும் என்பதால், பேக்ஸ்டாப் இருக்கும்வரை அவர்கள் வருவதாக இல்லை.