ஒற்றைச் சாலையை நம்பிய படைகள்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

வல்லரசுப் படைகள் சின்ன நாடுகளில் நுழைந்த கதையைப் பேசும்போது எல்லோரும் பீரங்கியை எண்ணுவார்கள். நான் லாரியைத்தான் எண்ணுவேன்.

திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் பாரவண்டி அச்சு முறிந்து நின்றால் என்ன ஆகும் என்று நாமக்கல், சங்ககிரி ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு ஆப்கானிஸ்தானுக்கு வாங்க.

1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். டீசல், மாவு, குண்டு எல்லாவற்றுக்கும் முதன்மையான வழி ஒன்றுதான்: அமு தர்யா ஆற்றங்கரையிலிருந்து இந்துகுஷ் மலையைத் தாண்டி காபூல் வரை, 400 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் சலாங் சுரங்கப்பாதை. ஊட்டியைவிட ஆயிரம் மீட்டர் உயரத்தில், 1964இல் சோவியத் பொறியாளர்களே முடித்துக்கொடுத்தது. சோவியத் படையை எதிர்த்த ஆப்கன் கெரில்லாக்களான முஜாஹிதீன்கள் முதல் வண்டியை அடிப்பார்கள், அடுத்து கடைசி வண்டியை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நடுவில் சிக்கிய எண்ணெய் டேங்கர்கள் எங்கே போகும்? மலைமுகட்டைச் சுடுமளவுக்கு டாங்கியின் குழல் மேலே தூக்காது. அதனால் விமானத்தைச் சுடும் துப்பாக்கிகளை லாரிமேல் ஏற்றிக் கூடவே அனுப்பினார்கள். படையின் கணிசமான பகுதி சாலைக் காவலுக்கே போனது. 1982 நவம்பரில் அந்தச் சுரங்கத்துக்குள் வண்டிகள் சிக்கி, தீயிலும் புகையிலும் ஏராளமானோர் மாண்டார்கள்.

வியட்நாமில் அமெரிக்காவுக்குக் கடல் இருந்தது, துறைமுகங்கள் இருந்தன. அதனால்தான் 1969இல் ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆட்களை வைத்துச் சோறு போட முடிந்தது. ஆனால் எதிராளியான வட வியட்நாம் தெற்கே சரக்கு அனுப்பிய ஹோ சி மின் பாதை ஒற்றைச் சாலை அல்ல, காட்டுக்குள் பின்னிய வலை. ஒரு இழையைக் குண்டுபோட்டு அறுத்தால் பக்கத்து இழையில் சரக்கு நகரும். திரும்பவும் சொல்கிறேன், சாலையைப் பாருங்க. பின்னாளில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை இருந்தது. 2011 நவம்பரில் பாகிஸ்தான் தன் எல்லையை ஏழு மாதம் அடைத்தபோது, அந்த அமெரிக்கச் சரக்கும் அதே சலாங் வழியாகத்தான் ஊர்ந்தது.

நேரம் முடியப்போகிறது. படைகள் வெளியேறிய பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 1989இல் சோவியத் படை போன பின்னும் அங்கிருந்து எண்ணெயும் ஆயுதமும் வந்தவரை, அவர்கள் ஆதரித்த ஆப்கன் அதிபர் நஜிபுல்லாவின் ஆட்சி மூன்று ஆண்டு நின்றது. 1992 தொடக்கத்தில் வரத்து நின்றது, ஏப்ரலில் விழுந்தது. அமெரிக்கப் படை போன பின் தென் வியட்நாம் தலைநகர் சைகோன் தாங்கியது இரண்டே ஆண்டு. 2021இல் ஆப்கன் படையின் விமானங்களைப் பழுதுபார்த்த ஒப்பந்தக்காரர்கள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். கடைசி அமெரிக்கச் சிப்பாய் விமானம் ஏறுவதற்குள் காபூல் தாலிபான் கைக்குப் போய்விட்டது.

வணக்கம்.